பதினொரு மரம், மூன்று மூடு

மரத்தைப் பார் என்றால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். அக்கச்சி குனிவாள். புடவையை முழங்கால் வரை இழுத்துச் சொருகிக்கொண்டு, வலது காலால் சருகைத் தள்ளிவிட்டு, மரம் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகாவது தலையைத் தூக்குவாளா என்றால் அதுவும் கிடையாது. "மேல என்னத்தப் பாக்க? இலையும் காக்காயும். மூட்டுல பாரு மக்கா" என்பாள்.

மூடு என்பது எங்கள் பக்கத்து வார்த்தை. செடியோ மரமோ மண்ணைப் பிடித்து நிற்கிற அடிப்பாகம். மரச்சீனிக் கிழங்கைக்கூட மூட்டுக் கணக்கில்தான் சொல்வோம், நூறு மூடு, இருநூறு மூடு என்று. மண்ணுக்கு மேலே எத்தனை தண்டு நிற்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்தச் சாதாரண எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒருத்தி, போலீசு, காட்டு இலாகா, கோர்ட், வக்கீல், உபதேசியார் என்று ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் மல்லுக்கு நின்றாள். எதிர்ப்பக்கம் நின்றவன் நான். அதனால் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. அவளுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், நாக்கு அப்படியே அவளுடையது. எழுதியதில் ஒரு சொல் பிசகினாலும் வீடு தேடி வருவார்கள். ஊரில் அவளுக்குக் கம்புக்கார அக்கச்சி என்று பேர். மலையிலிருந்து கம்பு வெட்டி, தலைச்சுமையாக இறக்கி, வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கூரைக்கும் விற்பாள். காஞ்சிரங்குளம், பூவார் வரை அவள் கம்பு போகும். அக்கச்சி என்று கூப்பிட்டுப் பழகியவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதை போதாது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நான் அப்போது பாரஸ்டு கார்டு. வயது இருபத்து நாலு. எங்கள் தாலுகா தமிழ்ப் பகுதியோடு சேர வேண்டுமா, மலையாளத்தோடு இருக்க வேண்டுமா என்று பாறசாலை சந்தையிலிருந்து பொழியூர் கடற்கரை வரை ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற எல்லைப் போராட்ட வருஷங்கள் அவை. தெருவில் ஒருத்தன் 'வாறேன்' என்றால் ஒரு பக்கம், 'வராம்' என்றால் மறுபக்கம் என்று குறித்துக்கொள்கிற காலம். காலையில் இப்படியும் மாலையில் அப்படியும் பேசிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் திடீரென்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரிந்தோம். சர்க்கார் வேலையில் இருந்த தமிழனுக்கு இன்னும் சிரமம். வாயைத் திறக்காமல் இருப்பதே பிழைப்பு என்று இருந்தேன்.

அக்கச்சியோடு முதல் சந்திப்பே சண்டை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் மலைச்சரிவில் வெட்டுகத்திச் சத்தம் கேட்டுப் போனேன். ஒரு மருதி மரம், ஒரே அடியிலிருந்து ஐந்து தடியாகப் பிரிந்து நின்றது. நாற்பத்தைந்து வயதிருக்கும், குட்டையான ஒரு பெண், கை நீண்ட குப்பாயச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு அதில் ஒரு தடியை வெட்டிக்கொண்டிருந்தாள். வாயில் வெற்றிலை. எங்கள் கிறிஸ்தவச் சபையில் பெண்கள் வெற்றிலை போடுவது உபதேசியாருக்கு ஆகாது. அவளுக்கு உபதேசியார் ஆகாது.

"நிறுத்து" என்றேன்.

"இந்த வெட்டு முடியட்டு மக்கா. பாதியில நிறுத்தினா பட்ட கிழியும். வெள்ளம் எறங்கி மூடு அழுகும்."

ஊரில் மற்றவர்கள் என்னை ஏமானே என்று கூப்பிடுவார்கள். காக்கி உடுப்புக்குக் கிடைக்கிற பட்டம் அது. இவள் மக்கா என்றதில் எனக்குச் சுருக்கென்றது. வெட்டி முடித்தாள். முழங்கால் உயரத்தில், மழைநீர் வழிந்து போகிற மாதிரி சாய்வாக ஒரே வெட்டு. பிறகு மடியிலிருந்து ஒரு பொடி டப்பாவை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த பாஸைக் காட்டினாள். வெட்டின மூட்டிலிருந்து மறுபடி முளைத்த கம்பைத் தலைச்சுமையாக எடுக்கலாம், மரம் முறிக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

"மரம் முறிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. முறிச்சிருக்கியே."

"இது கம்பாக்கும்."

எங்கள் இலாகாவுக்கு ஒரு விதி உண்டு. நெஞ்சு உயரத்துக்குக் கீழே பிரிந்து போகிற ஒவ்வொரு தடியும் தனி மரம். புதிதாகப் படித்த விதி, சூடு ஆறவில்லை. டேப்பை எடுத்து ஒவ்வொரு தடியாகச் சுற்றி அளந்தேன். "இது ஒரு மரம் இல்லை. அஞ்சு மரம். அதில ஒண்ணை நீ முறிச்சிருக்கே" என்றேன்.

"உனக்க கைய விரி."

விரித்தேன். ஏன் விரித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

"எத்தன வெரலு?"

"அஞ்சு."

"அப்போ நீ அஞ்சு ஆளாக்கும். அஞ்சு வீட்டுல சோறு உண்டா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, கம்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். விரித்த கையோடு நான் நின்றேன்.

அந்த மலையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் மரம் ஒற்றைத் தடியாக நெடுநெடுவென்று போகும். ஏற ஏறக் குட்டையாகும். உச்சியை நெருங்கும்போது ஒற்றைத் தடி மரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாலு தடி, ஆறு தடி, ஒன்பது தடி என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். காற்று ஒன்றை முறித்தால் அடியிலிருந்து இரண்டு வரும். கோடையில் தீ ஏறிக் கருக்கிவிட்டுப் போகும். கோடை முடிந்து எடவப்பாதி மழை விழுந்ததும் அதே கருகிய மூட்டிலிருந்து எட்டுத் தளிர் எட்டிப் பார்க்கும். பாறை உருண்டு நசுக்கினால், நசுங்கின பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் முளைக்கும். விதை விழுந்து முளைத்துப் பெரிதாக அங்கே மண் ஏது? இருக்கிற வேரை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். இதையெல்லாம் பின்னால் இலாகாப் பரீட்சைக்குப் படித்தேன். அக்கச்சி சொன்னது வேறு மாதிரி இருந்தது. "கீழ நிக்கிய மரம் வளரதுக்கு நிக்குது. மேல நிக்கியது போகமாட்டேன்னு நிக்குது."

ஒரு மூட்டில் எல்லாத் தடியையும் அவள் வெட்ட மாட்டாள். ஒன்றை விட்டுவிடுவாள். அதற்குத் தள்ளைத்தடி என்று பேர். தள்ளை என்றால் தாய். அந்த ஒரு தடி நின்றால்தான் வேருக்குச் சாப்பாடு போகும், மற்றது முளைக்கும் என்பது அவள் கட்சி. வேறு யாராவது மூட்டோடு மொட்டையடித்திருந்தால் ஆளைக் கண்டுபிடித்து, சந்தையில் வைத்து, அவனுடைய அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லித் திட்டுவாள். எல்லாரும் கேட்கட்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் திட்டுவாள்.

எண்ணிக்கை விஷயத்தில் வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஜனத்தொகைக் கணக்கு எழுத ஒரு வாத்தியார் வந்திருந்தார். பாஸைச் சரிபார்க்க நானும் அங்கே போய் நின்ற நாள். அவள் புருஷன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பவில்லை. வீட்டில் நாலு பிள்ளைகள். இரண்டு பையன்கள் அவனுடைய முதல் தாரத்துப் பிள்ளைகள். ஒரு பெண் இவள் பெற்றது. ஒருத்தன் செத்துப்போன தங்கச்சியின் மகன். வாத்தியார் நல்ல மனிதர். எதையும் பிரித்து எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. முதல் தாரத்தது எத்தனை, சொந்தம் எத்தனை, வளர்ப்பு எத்தனை என்று கேட்டார்.

"நாலு" என்றாள்.

"அது சரிம்மா. பிரிச்சுச் சொல்லணும்."

"பிரிச்சா மூணு அடுப்பு வேணும். எனக்கு ஒண்ணுதான் உண்டு. நாலுன்னு எழுதும்."

அவர் தாளைக் காட்டினார், மேலிடத்து உத்தரவு என்றார். அவள் முற்றத்தில் வாசலை மறித்து உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்தாள். உத்தரவு அவளைத் தாண்டி வெளியே போக வழியில்லை. கடைசியில் வாத்தியார் நாலு என்று எழுதினார். எழுதியதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் எழுந்தாள். அந்த நாலு பேரில் யார் யாருடைய பிள்ளை என்று எனக்கே இப்போது குழப்பம். அவள் ஆசைப்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் முன்னால் தாவிச் சொல்லிவிடுகிறேன். எல்லை கடைசியில் போடப்பட்டது. பக்கத்துத் தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயிற்று. எங்கள் தாலுகா இந்தப் பக்கமே நின்றுவிட்டது. எத்தனையோ வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. அக்கச்சி வழக்கம்போல மலைக்குப் போனாள். மலைக்கு அந்தப் பக்கம் வேறு சர்க்கார், இனி அங்கே கால் வைக்காதே என்று எங்கள் ஆபீசில் சொன்னார்கள். "கோடு போட்டவன் மலை ஏறினானா?" என்று கேட்டாள். கேட்டது ஆபீசை, பார்த்தது என்னை. அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. இனி அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கோடு போடுவதற்கு முந்தின வருஷங்களில் ஒரு மாசி மாதம். பாறசாலைப் பக்கம் அறுத்த வயல் ஒன்றில் தமிழ்ப் பக்கத்துப் போராட்டக்காரர்கள் கூட்டம் போட ஏற்பாடு செய்தார்கள். பந்தலுக்குக் கால் கொடுக்க ஆளில்லை. கொடுத்தால் போலீசு வரும் என்று பயம். அக்கச்சியிடம் வந்து கேட்டார்கள். நாலு நாள், நாலு சுமையாக, பதினொரு கம்பை மலையிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். கூட்டம் நடந்தது. மறுநாள் போலீசு வந்து ஓலையைப் பிய்த்துப் போட்டது. கால்கள் மட்டும் வயலில் நின்றன. யார் கொடுத்தது என்று வீடு வீடாக விசாரித்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் உபதேசியாருக்குத்தான் தாங்கவில்லை. சபைக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்ற நடுக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நெடுநேரம் பேசிவிட்டு, கம்பு கொடுத்தவர் இங்கே இருந்தால் கர்த்தருக்கு முன் மனம் வருந்தி எழுந்திருக்கட்டும் என்றார். எழுந்திருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் சொன்னார். பெண்கள் பக்கத்தில் அக்கச்சி எழுந்தாள்.

"நானாக்கும் உபதேசியாரே. கேட்டாவ, குடுத்தேன். இனியும் கேட்டா குடுப்பேன். வருத்தம் ஒண்ணும் இல்ல. உக்காரலாமா?"

உபதேசியார் ஞானப்பாட்டு நம்பரை அறிவித்தார்.

திங்கட்கிழமை எங்கள் ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார். பந்தலுக்குக் கம்பு கொடுத்தது என்று வழக்குப் போட முடியாது, காட்டில் மரம் வெட்டினாள் என்று போடலாம், போய் இடத்தைப் பார்த்து மகஜர் எழுது என்றார். நான் தயங்கினேன். "நீ தமிழன்தானே. அந்தக் கூட்டத்து ஆளா நீயும்?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். "அப்ப எழுது."

மகஜர் எழுத வேண்டிய முறை எனக்குத் தெரியும். வெட்டின இடத்துக்குப் போக வேண்டும். அடிக்கட்டையை அளக்க வேண்டும். இரண்டு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். மலை இரண்டு மணி நேர ஏற்றம். உச்சி வெயில். வயலுக்கு எதிரே சாயாக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, சாயா குடித்தபடி, வயலில் நிற்கிற பந்தல் கால்களை எண்ணினேன். பதினொன்று. 'மேற்படி சரிவுக்கு நேரில் சென்று பார்வையிட்டதில் பதினொரு மரங்கள் அடியோடு வெட்டப்பட்டிருக்கக் கண்டேன்' என்று எழுதினேன். சாயா குடிக்க வந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். சோம்பல் பாதி, பயம் பாதி. ஏறிப் போயிருந்தாலும் பதினொன்றுதானே எழுதியிருப்பேன், விதி அதுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மரம் என்றால் ஜெயில். ஜெயிலுக்குப் போனால் பாஸ் பறிபோகும். நாலு பிள்ளைகளும் அந்தப் பொடி டப்பாவுக்குள் இருந்த ஒரு காகிதத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரேஞ்சர் அவளை ஆபீசுக்கு வரவழைத்தார். பதினொரு மரம் வெட்டினேன், இன்னார் சொல்லித்தான் வெட்டினேன் என்று ரேகை வைத்தால் ஒரு சின்ன அபராதத்தோடு விட்டுவிடலாம் என்றார். மகஜரை வாசித்தும் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, "இத எண்ணினது யாரு?" என்றாள். ரேஞ்சர் என்னைக் காட்டினார். நான் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மரம் வெட்டினேன்னு இதுல இருக்கு. நான் வெட்டினது கம்பு. மரம் அங்க நிக்குது" என்றாள். ரேகை வைக்கவில்லை.

அடுத்து வந்தது சொந்தக் கட்சி. போராட்டத்தில் இருந்த ஒரு இளம் வக்கீல், காசு வாங்காமல் வாதாட வந்தார். நல்ல மனசுக்காரர். தப்பிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தார். அந்த நாலு நாளும் அவள் பூவாரில் கம்பு விற்றுக்கொண்டிருந்தாள் என்று சொல்ல ஆள் தயார், வெட்டவே இல்லை என்று சொல்லிவிட வேண்டியது.

"நான் வெட்டின வெட்ட நான் வெட்டல்லன்னு சொல்லணுமா வக்கீலே? அந்தச் சாய்வு வேற யாருக்கு வரும்?"

"ஜெயிலுக்குப் போவீங்க அக்கச்சி. பிள்ளைங்கள நினைச்சுப் பாருங்க."

"நினைக்காமலா? கள்ளச் சாட்சி சொல்லி வந்த தள்ளை இதுன்னு அதுக நாளைக்குக் கேக்கப்பிடாது. நீரு கூட்டத்துல பேசும். நல்லாப் பேசுவீரு. இது எனக்க கம்பு, நான் பேசுவேன்."

வழக்கு இழுத்தது. கோடை போயிற்று, எடவப்பாதி மழை கொட்டி ஓய்ந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் விடியுமுன் ஒரு சுமையை இறக்கிப் போட்டுவிட்டு, நெய்யாற்றின்கரைக்கு நடந்தே வந்து, கோர்ட் வராந்தாவில் நிற்பாள். உட்கார மாட்டாள். நான் தூணுக்கு மறுபக்கம் நிற்பேன். ஒருநாள் வெற்றிலையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். வாங்கியிருக்கலாம்.

சாட்சிக் கூண்டில் நான் ஏறின நாள் ஆவணி மாதம். மாஜிஸ்திரேட் மலையாளி, அதிகம் பேசாதவர். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் மகஜரில் இருந்தபடி சொன்னேன். பிறகு அவளே என்னைக் கேட்க வேண்டும் என்றாள். மாஜிஸ்திரேட் அனுமதித்தார்.

"மக்கா, நீ போய்ப் பாத்தியே, அந்த எடம் மண்ணா பாறையா?"

யோசித்தேன். "மண்."

"மூட்டுல ஏதாவது தடி மிச்சம் நிந்நதா?"

"இல்லை. எல்லாம் அடியோடு வெட்டியிருந்தது."

அவள் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள். "இவன் வரல்ல ஏமானே. அது முழுக்கப் பாறை. ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு தடி நிக்குது. ஏமான் ஒருக்கா வந்து பாக்கணும். மரம் செத்திருந்தா என்னத் தூக்கி உள்ள போடுங்க. உசிரோட நிந்நா, வெட்டினது மரமா கம்பான்னு ஏமானே சொல்லுங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை ஸ்தலம் பார்க்கலாம் என்று எழுதினார்.

சனிக்கிழமை காலை மலையடிவாரத்தில் மாஜிஸ்திரேட், குமாஸ்தா, ரேஞ்சர், வக்கீல், இரண்டு போலீசு, அக்கச்சி, நான். வேட்டியை மடித்துக் கட்டி, குடையை ஊன்றிக்கொண்டு, "கார்டு முன்னால் நடக்கட்டும், வழி தெரிந்தவன்தானே" என்றார் மாஜிஸ்திரேட். நான் நடந்தேன். முதல் பிரிவிலேயே நின்றுவிட்டேன். இடதா வலதா தெரியவில்லை. பின்னால் அத்தனை பேரும் நின்றார்கள். அக்கச்சி என்னைத் தாண்டிப் போய் வலதுபக்கம் ஏறினாள். குற்றவாளி வழிகாட்ட, கோர்ட் முழுக்க அவள் பின்னால் ஏறியது. அந்த ஏற்றம் இரண்டு மணி நேரம். வாழ்க்கையில் அவ்வளவு வியர்த்தது கிடையாது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறை வெடிப்புகளில், அருகருகே மூன்று மூடு. இரண்டு மருதி, ஒரு ஞாவல், அதாவது நாவல். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய தடி நின்றது. சுற்றிலும் முழங்கால் உயரத்தில் சாய்ந்த வெட்டுகள், மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு வெட்டுக்கும் கீழேயிருந்து சிவந்த தளிர்க் கம்புகள் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. ஆறு மாதத்தில் சில என் தலையைத் தாண்டிவிட்டன. காற்றில் அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. சரிவு முழுக்க, கண்ணுக்கு எட்டிய வரை, அதே மாதிரிதான். வெட்டப்படாத மரம், எரியாத மரம், முறியாத மரம் என்று ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாம் நின்றன.

மாஜிஸ்திரேட் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னிடம் இலாகா விதி என்ன என்று கேட்டார். நெஞ்சு உயரத்துக்குக் கீழே பிரிந்த ஒவ்வொரு தடியும் ஒரு மரம் என்றேன்.

"எங்கில் எண்ணெடோ" என்றார், அப்படியென்றால் எண்ணு என்று.

நெஞ்சைத் தாண்டியதை மட்டும் எண்ணினேன். பழைய தடி மூன்று. புதுத்தடி இருபத்தாறு.

"இருபத்தொன்பது."

"வெட்டுவதற்கு முன்னால்?"

மூன்றும் பதினொன்றும் பதினாலு. சொன்னேன். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் விதிப்படி இந்தப் பெண் பதினைந்து மரம் கூட்டிக் கொடுத்திருக்கிறாள்" என்று மாஜிஸ்திரேட் மலையாளத்தில் சொன்னார். "அவள் விதிப்படி எத்தனை?"

"மூணு மூடு" என்றாள் அக்கச்சி. "அன்னைக்கும் மூணு, இன்னைக்கும் மூணு. ஒண்ணும் குறையல்ல, ஒண்ணும் கூடல்ல."

வக்கீல் கை தட்டப் போனவர், மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தீர்ப்பு அடுத்த வாரம். கோர்ட்டுக்கு வெளியே போராட்டக்காரர்கள் ஒரு கூட்டம், அவர்களைப் பார்த்தபடி போலீசு ஒரு கூட்டம். தீர்ப்பு இவ்வளவுதான்: வெட்டியது பாஸில் அனுமதித்த கம்பு, மரம் அல்ல. அவளை விடுதலை செய்கிறேன், பாஸ் செல்லும். மலையாளத்தில் எழுதியிருந்ததை மாஜிஸ்திரேட் வேகமாக வாசித்து முடித்தார். குமாஸ்தா தீர்ப்பு நகலை மேஜையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ரேகை வைக்கச் சொல்லி மைப்பெட்டியைத் திறந்தார்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் குமாஸ்தா.

"தமிழில வாசிச்சுக் கேக்கணும்."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "நினக்கு மலையாளம் நல்லா அறியாமல்லோ" என்றார், உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே என்று.

"அறியாம் ஏமானே. மலையாளத்துல கம்பு விப்பேன், சண்டையும் போடுவேன். ஆனா இது எனக்க காரியம். எனக்க பாஷையில எழுதித் தரதுக்கு இங்க வழியில்ல. வாசிச்சாவது தரணும். அல்லெங்கில் ரேகை இல்ல."

அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்றார் குமாஸ்தா. வெளியே போலீசுக்காரன் ஒருத்தன் உள்ளே எட்டிப் பார்த்தான். விடுதலையாகி நின்றவள், ஒரு கைநாட்டுக்காக மறுபடி மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குப் பட்டது. மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில், இரண்டு பாஷையும் வாசிக்கத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

வக்கீல் துள்ளி எழுந்தார்.

"வக்கீல் வேண்டாம்" என்றாள். "அவரு கூட நாலு வார்த்தை சேப்பாரு. எண்ணி எழுதினவன் வாசிக்கட்டு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போய் நகலை எடுத்தேன். மலையாளத்தைக் கண்ணால் வாசித்துத் தமிழில் வாயால் சொல்லிக்கொண்டே போனேன். அந்தக் கட்டடத்துக்குள் அவ்வளவு தமிழை அதற்கு முன் யாரும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. வராந்தாவில் நின்றவர்கள் ஒவ்வொருத்தராக வாசலுக்கு வந்தார்கள். முதல் பக்கம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. மாஜிஸ்திரேட் வாசித்த வேகத்தில் அது யார் காதிலும் விழவில்லை. தாளில் தெளிவாக இருந்தது. என் குரல் இறங்கியது.

"கேக்கல்ல மக்கா. பின்னால நிக்கியவங்களுக்கும் கேக்கட்டு."

சத்தமாக வாசித்தேன். "குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு இந்தக் கார்டு போகவே இல்லை. போய் எண்ணியதாகப் பொய் மகஜர் எழுதியிருக்கிறார்."

அவள் கையை எடுக்கவில்லை.

"எந்தக் கார்டு?" என்றாள்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். ரேஞ்சர் ஜன்னலைப் பார்த்தார். தாளில் என் பெயர் இல்லை, கார்டு என்று மட்டும்தான் இருந்தது. அப்படியே தாளைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவள் கோபமாக இல்லை. மூட்டைப் பார்க்கிறபோது பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முன்னால் இன்னொரு பொய் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

"நானாக்கும் அக்கச்சி" என்றேன்.

அதன் பிறகுதான் கையை முன்னால் கொண்டுவந்து, பெருவிரலை மையில் வைத்தாள்.